திருவண்ணாமலையில் வில்லா: பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர் வாங்க முடியுமா? சட்டம் என்ன சொல்கிறது?

திருவண்ணாமலைக்காரர் ஒருவருக்கு பிரான்ஸ் நாட்டுக் கிராமம் ஒன்றில் நீச்சல் குளத்தோடு வீடு வாங்கும் ஆசை வந்தால், கையில் காசு இருந்தால் போதும். இந்திய பாஸ்போர்ட்டோடு போய் வாங்கலாம். வெளிநாட்டவர் வீடு வாங்கக் கூடாது என்று பிரெஞ்சுச் சட்டத்தில் தடை கிடையாது.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். அந்த பிரெஞ்சுக் கிராமத்துக்காரர் ரமணாசிரமத்துக்கு வருகிறார். மலை பிடித்துப்போகிறது. கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு வில்லா வாங்க நினைக்கிறார். சுற்றுலா விசாவில் வந்த அவரால் வாங்க முடியாது. எத்தனை கோடி வைத்திருந்தாலும் முடியாது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது குழப்பம் எங்கே வருகிறது? ‘அதுக்கு வேற வழி இருக்கு சார்’ என்ற ஒரு வரியில்தான். அந்த வழியில் போய் முழுப் பணத்தையும் இழக்கும் ஆபத்து வெளிநாட்டவருக்கு மட்டும் இல்லை. பெயரை ‘கடன் கொடுக்கும்’ உள்ளூர்க்காரர் ஜெயிலுக்கே போகலாம். பாரிஸிலோ லண்டனிலோ இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் மனை பார்க்கும் தமிழர்களுக்கும் இதில் தனிக் கண்ணிகள் இருக்கின்றன.

ஏன் திருவண்ணாமலை?

இந்த ஊருக்கு வெளிநாட்டவர் வந்து தங்குவது புதிதல்ல. 1934-ல் வெளிவந்த பால் பிரன்டனின் புத்தகத்துக்குப் பிறகு ரமணரைத் தேடி ஐரோப்பியர்கள் வரத் தொடங்கினார்கள். 1935-ல் வந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரி மேஜர் சாட்விக் ஆசிரம வளாகத்திலேயே ஒரு குடில் கட்டித் தங்கிவிட்டார். பிரெஞ்சுத் துறவி ஹென்றி லெ சோ 1949-ல் வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் மலைக் குகைகளில் தங்கித் தவம் செய்தார். 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது ஊரில் இருந்தவர்களில் உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சு புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே பிரெசோனும் ஒருவர்.

குகையில் தங்கிய காலம் போய், குடில், வாடகை வீடு, அபார்ட்மென்ட் என்று வளர்ந்து இப்போது ‘மலை வியூ’ வில்லாவில் வந்து நிற்கிறது. செங்கம் ரோடு, அடி அண்ணாமலை, அத்தியந்தல் பக்கம் போனால் மனை விளம்பரப் பலகைகளைப் பார்க்காமல் வர முடியாது. சென்னை, பெங்களூரு ஆட்களின் வார இறுதி வீடு, வெளிநாட்டுத் தமிழர்களின் ஓய்வுக்கால வீடு என்று வாங்குபவர்கள் பல வகை. 2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சியும் ஆகிவிட்டது. மனை விற்பவர்களுக்கு இது ஒன்று போதாதா?

வெளிநாட்டவருக்கு என்ன விதி?

ஃபெமா எனப்படும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999 தான் அடிப்படை. 2000 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. சொத்து வாங்குவது பற்றிய விரிவான விதிகள் 2019-ல் வந்தன. இந்திய வம்சாவளி இல்லாத, இந்தியாவில் வசிக்காத ஒரு வெளிநாட்டவர் இங்கே அசையாச் சொத்து வாங்கக் கூடாது. ஐந்து ஆண்டுகளுக்கு மிகாமல் குத்தகைக்கு எடுக்கலாம். இந்தியாவில் வசிக்கும் ஒருவரிடமிருந்து வாரிசு உரிமையாகவோ உயில் மூலமாகவோ வந்தால் பெறலாம்.

இங்கே முக்கியமான சொல் ‘வசிப்பது’. முந்தைய நிதியாண்டில் 182 நாட்களுக்கு மேல் இந்தியாவில் இருந்தால் வசிப்பவர் ஆகிவிடலாம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அது பாதிக் கணக்கு. நாட்கள் மட்டும் போதாது, வந்த நோக்கமும் பார்க்கப்படும். வேலைக்காகவோ தொழிலுக்காகவோ, எப்போது திரும்புவோம் என்று சொல்ல முடியாத சூழலிலோ தங்கியிருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து எத்தனை நாள் இருந்தாலும் அது சுற்றுலாதான்.

கோவாவில் இந்தப் பாதிக் கணக்கை நம்பி வீடு வாங்கிய பல வெளிநாட்டவருக்கு அமலாக்கத்துறை நோட்டீஸ் போனது. பத்திரம் பதிவாகி, சாவி கைக்கு வந்து, குடியேறிய பிறகு வந்த நோட்டீஸ். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிவிட்டது என்பதால் ஃபெமா விதிமீறல் சரியாகிவிடாது. மீறலுக்கு அபராதம், சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை போகலாம்.

இன்னொரு பட்டியலும் இருக்கிறது. பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, ஆப்கானிஸ்தான், சீனா, இரான், நேபாளம், பூடான், ஹாங்காங், மக்காவ், வட கொரியா ஆகிய 11 இடங்களின் குடிமக்கள், இந்தியாவிலேயே வசித்தாலும், ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் வாங்க முடியாது. ஐந்து ஆண்டு வரையிலான குத்தகைக்கு மட்டும் விலக்கு. ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களை இந்தத் தடை கட்டுப்படுத்தாது.

‘உங்க பேர்ல வேணாம், என் பேர்ல வாங்கிக்கலாம்’

வெளிநாட்டவருக்குச் சொல்லப்படும் ‘வேற வழி’களில் முதலாவது இதுதான். பல வருஷமாகப் பழகிய ஆட்டோக்காரர், வீட்டு வேலைக்கு வருபவர், யோகா வகுப்பில் பழக்கமானவர் என்று யாரோ ஒருவர் பெயரில் கிரயப் பத்திரம். பணம் முழுக்க வெளிநாட்டவருடையது. அவர் வீடு கட்டுவார், இருப்பார், வருவார், போவார். எல்லாம் நம்பிக்கை.

சட்டத்தின் பார்வையில் இதற்குப் பெயர் பினாமி. ஒருவர் பணம் கொடுக்க, இன்னொருவர் பெயரில் சொத்து இருக்க, பலன் பணம் கொடுத்தவருக்குப் போனால் அது பினாமி பரிவர்த்தனை. 1988-ல் வந்த சட்டம் 2016-ல் கடுமையாக்கப்பட்டது. சொத்தை அரசு பறிமுதல் செய்யலாம். ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவல் சிறை, சொத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம். தண்டனை பணம் கொடுத்தவருக்கு மட்டும் இல்லை, பெயர் கொடுத்தவருக்கும்தான். ‘சார் கேட்டார், கையெழுத்து போட்டேன்’ என்பது கோர்ட்டில் எடுபடாது.

இதைவிட முக்கியமான ஒரு பிரிவு அதே சட்டத்தில் இருக்கிறது. பினாமி சொத்தின் உண்மையான உரிமையாளர், ‘இது என் பணத்தில் வாங்கியது, என்னுடையது’ என்று வழக்குப் போட முடியாது. அதாவது பெயர் கொடுத்தவர் ஒருநாள் பூட்டை மாற்றிவிட்டால் சிவில் நீதிமன்றத்தின் கதவும் சேர்ந்து பூட்டப்பட்டுவிடும். பெயர் கொடுத்தவர் நல்லவராகவே இருந்தாலும் சிக்கல் தீராது. அவர் இறந்தால் சொத்து அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அவர் கடன் வாங்கியிருந்தால் கடன்காரர்கள் அந்த வீட்டின் மேல் வருவார்கள். வெளிநாட்டவரைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு மருமகன் பாகம் கேட்டு வழக்குப் போடலாம். பத்திரத்தில் பெயர் இல்லாதவருக்கு இதில் எந்த இடத்திலும் பேச உரிமை இல்லை.

அடுத்த ‘வழி’ பவர் பத்திரம். என் பெயரில் வாங்கி உங்களுக்கு பொது அதிகாரம் எழுதித் தருகிறேன் என்பார்கள். பவர் பத்திரத்தை வைத்துச் சொத்து கைமாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. பவர் என்பது வேறொருவர் சார்பில் வேலை பார்க்கும் அனுமதி, அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தவரின் உயிரோடு அதுவும் போய்விடும்.

மூன்றாவது, உயில். இது கேட்கக் கொஞ்சம் புத்திசாலித்தனமாக இருக்கும். ஏனென்றால் இந்தியாவில் வசிப்பவரிடமிருந்து உயில் மூலம் வெளிநாட்டவர் சொத்து பெறுவதை ஃபெமா அனுமதிக்கிறது. ஆனால் உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். இன்றைக்கு உங்களுக்கு, நாளைக்கு தம்பிக்கு. யாருக்கும் சொல்லக்கூட வேண்டியதில்லை. தவிர, அடியில் இருப்பது பினாமி பணம் என்றால் உயில் அதைச் சுத்தம் செய்துவிடாது.

கம்பெனி தொடங்கி அதன் பெயரில் வாங்கலாம் என்றும் சிலர் யோசனை சொல்வார்கள். நிலம் வாங்கி விற்கும் ரியல் எஸ்டேட் தொழிலிலும், பண்ணை வீடு கட்டுவதிலும் அந்நிய நேரடி முதலீட்டுக்குத் தடை இருக்கிறது. தியானம் செய்ய ஒரு வீடு வேண்டும் என்பதற்காக கம்பெனி நடத்துவது, ஆடிட்டர் ஃபீஸ் கட்டியே ஓய்ந்துபோகிற வேலை.

பழைய சொத்து என்றால் என்ன ஆகும் என்பதற்கு பெங்களூருவில் ஒரு உதாரணம் இருக்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட ஒரு பெண்மணி 1977-ல் தன் சொத்தின் ஒரு பகுதியைத் தானமாக எழுதிக் கொடுத்தார். ரிசர்வ் வங்கி அனுமதி வாங்கவில்லை. அப்போது அமலில் இருந்தது 1973-ம் ஆண்டின் ஃபெரா சட்டம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 பிப்ரவரியில் அந்தத் தானம் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எழுதிக் கொடுத்து 44 வருஷம் கழித்து! திருவண்ணாமலையில் வெளிநாட்டவர் வைத்திருந்த பழைய வீட்டை இப்போது வாங்கப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். முந்தைய கைமாற்றங்களில் ஒன்று அனுமதி இல்லாமல் நடந்திருந்தால் அதன் பாரம் கடைசியாக வாங்கியவர் தலையில் வந்து விழும்.

அப்போ நேர் வழி? குத்தகை. ஐந்து ஆண்டு வரை எந்த அனுமதியும் தேவையில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். வீட்டு உரிமையாளருக்கு ஒரு கடமை இருக்கிறது: வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். ‘தெரிஞ்சவர்தானே’ என்று விட்டால் வீட்டுக்காரர் மேல் கேஸ் வரும்.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கதையே வேற

திருவண்ணாமலையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுக்க மக்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படித் தேர்ந்தெடுத்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் பாரிஸ், மார்செய் என்று பரவியிருக்கிறார்கள்.

பாஸ்போர்ட்டில் இவர்களும் பிரெஞ்சுக்காரர்கள்தான். ஆனால் ஓசிஐ அட்டைக்குத் தகுதி உள்ளவர்கள். 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு இணைந்த பகுதிகளைச் சேர்ந்தவர்களுக்கு என்றே குடியுரிமைச் சட்டத்தில் தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் அதில் அடங்கும். கொள்ளுப்பேரன் வரைக்கும் தகுதி உண்டு.

ஓசிஐ அட்டை இருந்தால் வீடு, கடை, குடியிருப்பு மனை எதையும் ரிசர்வ் வங்கியைக் கேட்காமல் வாங்கலாம். எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். பணம் மட்டும் வங்கி வழியாக, வெளிநாட்டிலிருந்தோ என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கிலிருந்தோ வர வேண்டும். கணவரோ மனைவியோ வம்சாவளி இல்லாத பிரெஞ்சுக்காரராக இருந்தால், இருவர் பெயரிலும் சேர்த்து ஒரே ஒரு சொத்து வாங்கலாம். அதற்கும் திருமணம் பதிவாகி இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும்.

பாரிஸ் லா ஷப்பேல் பகுதியில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கு? இங்கேதான் வருத்தமான வேறுபாடு. பேசுவது தமிழ், கும்பிடுவது அதே அண்ணாமலையார், கையில் அதே பிரெஞ்சு பாஸ்போர்ட். ஆனால் முன்னோர் இந்தியக் குடிமக்களாக இருந்ததற்கோ, 1950-ல் இந்தியக் குடியுரிமைக்குத் தகுதி பெற்றிருந்ததற்கோ ஆவணம் இல்லையென்றால் ஓசிஐ கிடைக்காது. சொத்து விஷயத்தில் அவரும் மற்ற வெளிநாட்டவரும் ஒன்றுதான். மலையகத் தமிழர்களின் வாரிசுகளுக்கு, தமிழ்நாட்டில் பிறந்த கொள்ளுத்தாத்தாவின் ஆவணம் இருந்தால் நிலைமை மாறலாம்.

பண்ணை வீட்டு மனை: என்ஆர்ஐகள் விழும் குழி

இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஓசிஐ அட்டைக்காரர்களுக்கும் மூன்று விஷயங்கள் தடை: விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்ட நிலம்.

திருவண்ணாமலையைச் சுற்றி விற்பனைக்கு வருவதில் கணிசமானது நஞ்சை, புன்சையாக இருந்த நிலம். ‘மாங்கன்றுகளோடு பண்ணை மனை, வில்லா கட்டித் தருகிறோம், நீச்சல் குளம் உண்டு’ என்று விளம்பரம் வரும். ஏக்கர் கணக்கில் வாங்கி சென்ட் கணக்கில் பிரித்து விற்பார்கள். நகர ஊரமைப்புத் துறையின், அதாவது டிடிசிபியின், மனைப்பிரிவு அனுமதி இருக்காது. உள்ளூர்க்காரர் வாங்கினால் வீடு கட்ட அனுமதி கிடைக்காமல் அலைவார். துபாயில் இருப்பவர் வாங்கினால் அதோடு ஃபெமா மீறலும் சேரும்.

2016 அக்டோபர் 20-க்குப் பிறகு தமிழ்நாட்டில் அங்கீகாரமில்லாத மனைகளை வீட்டு மனையாகப் பத்திரப் பதிவு செய்யத் தடை இருக்கிறது. இதைத் தாண்டத்தான் ‘விவசாய நிலமாகவே’ பதிவு செய்வது. பத்திரத்தில் புன்சை, பிரசுரத்தில் வில்லா. இரண்டில் எது சட்டப்படி செல்லும் என்று சொல்லத் தேவையில்லை.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டமோ என்றால் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. இன்னொரு பயனுள்ள விதி: விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. பாதிப் பணம் கட்டினால் டிஸ்கவுண்ட் என்று யாராவது சொன்னால் இந்த விதியை நினைவுபடுத்துங்கள்.

மலை தெரிகிறது, மலையடிவாரம் யாருடையது?

2,668 அடி உயர மலை. சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. வில்லா விளம்பரங்களில் விற்கப்படுவது செங்கலும் சிமெண்டும் அல்ல, ஜன்னலைத் திறந்தால் தெரிகிற அந்த மலைதான். மலைக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு விலை.

2024 டிசம்பர் 1-ம் தேதியை ஊர் மறக்கவில்லை. முந்தைய நாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் பெருமழையைக் கொட்டியது. வ.உ.சி. நகர்ப் பக்கம் மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் உருண்டு வீட்டின் மேல் விழுந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்தச் சரிவில் வாழ்ந்தவர்கள் வில்லாக்காரர்கள் இல்லை, உழைத்துச் சாப்பிடும் குடும்பங்கள். நகருக்குள் மனை விலை ஏற ஏற, எளியவர்களுக்கு மிஞ்சுவது சரிவும் ஓடைக்கரையும்தான் என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மலையடிவார ஆக்கிரமிப்புகள் தொடர்பான வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன.

எனவே மனையின் பழைய கதை முக்கியம். பட்டாவில் விற்பவர் பெயர் இருக்கிறதா என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அ-பதிவேட்டில் அந்த சர்வே எண் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு என்று இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். புல வரைபடத்தில் மனைக்குள்ளே ஓடைக் கோடு ஓடுகிறதா என்பதும் தெரியும். மலையிலிருந்து இறங்கும் மழைநீர் இந்த ஓடைகள் வழியாகத்தான் ஏரி, குளங்களுக்குப் போக வேண்டும். வெயில் காலத்தில் வந்து பார்த்தால் அது சும்மா ஒரு பள்ளம்போலத்தான் இருக்கும். பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கிறது. வில்லங்கச் சான்றும் பதிவுத்துறை இணையதளத்தில் கிடைக்கும்.

கோயில் நிலம் இன்னொரு பெரிய விஷயம். 1959-ம் ஆண்டின் இந்து சமய அறநிலையத்துறைச் சட்டப்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. மூன்று கை மாறி வந்திருந்தாலும் செல்லாதுதான். கோயில் ஊரில் மனை வாங்குபவர்கள் பழைய ஆவணங்களில் கோயில், மடம், கட்டளை என்ற சொல் எங்காவது வருகிறதா என்று வக்கீலைக் கொண்டு தேடிப் பார்ப்பது நல்லது. மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. அதை ஒட்டிய மனை என்றால் வனத்துறை எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

செலவுக் கணக்கு எளிது. வழிகாட்டி மதிப்புக்குக் குறையாத விலையில் முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 1 கோடி ரூபாய் வில்லா என்றால் 9 லட்சம்.

சரி, நம்ம ஆள் பிரான்சில் வாங்கினால்?

பிரான்சில் விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் நடுவே நோத்தேர் என்ற அரசு அங்கீகாரம் பெற்ற சட்ட அதிகாரி இருப்பார். சொத்தின் பழைய ஆவணங்களைச் சரிபார்ப்பது, வரி பிடிப்பது, பதிவு செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. பழைய வீடு என்றால் இந்தச் செலவு விலையில் 7 முதல் 8 சதவீதம் வரை வரும். நம்மூர் 9 சதவீதத்தோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை.

பெரிய வித்தியாசம் வேறு இடத்தில். முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு வாங்குபவருக்கு 10 நாள் அவகாசம் உண்டு. மனசு மாறினால் காரணமே சொல்லாமல் விலகலாம், முன்பணம் திரும்பி வந்துவிடும். நம்மூரில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் திரும்பக் கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இது எவ்வளவு பெரிய உரிமை என்று.

பணம் அனுப்புவதில் இந்தியாவின் விதி குறுக்கே வரும். ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரைதான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம். குடும்பத்தில் நான்கு பேர் கூட்டு உரிமையாளர்களாக வாங்கினால் நான்கு பேரும் தனித்தனியே அனுப்பலாம். 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டிசிஎஸ் வரியாகப் பிடிக்கும். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும். வருஷா வருஷம் கணக்குத் தாக்கலில் வெளிநாட்டு வீட்டைக் காட்ட வேண்டும். மறைத்தால் கருப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம்.

வீடு வாங்கினால் விசா கிடைக்குமா? கிடைக்காது. சொந்த வீட்டிலேயே ஆனாலும் ஷெங்கன் விசாவில் 180 நாட்களில் 90 நாள்தான் இருக்கலாம். அதற்கு மேல் தங்க நீண்டகால விசா தனியாக வாங்க வேண்டும்.

நீச்சல் குளத்துக்கு எவ்வளவு தண்ணீர்?

பிரான்சில் குழந்தைகள் குளத்தில் மூழ்கி இறப்பதைத் தடுக்க 2003 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. தரையில் பதித்த குளம் என்றால் வேலி, அலாரம், மூடி, கூரை ஆகிய நான்கில் ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 45,000 யூரோ வரை அபராதம். குளம் கட்டினால் சொத்து வரியும் ஏறும். அதனால் பலர் சொல்லாமல் கட்டிவிடுகிறார்கள். 2022-ல் வானிலிருந்து எடுத்த படங்களைச் செயற்கை நுண்ணறிவை வைத்து அலசியதில், ஒன்பது மாவட்டங்களில் மட்டும் கணக்கில் காட்டாத 20,000-க்கு மேற்பட்ட குளங்களை வரித்துறை கண்டுபிடித்தது! அடுத்த ஆண்டு தெற்கே ஸ்பெயின் எல்லையில் உள்ள பிரெனே ஓரியந்தால் மாவட்டத்தில் கடும் வறட்சி. குளத்தை நிரப்பவும், தரைமேல் வைக்கும் குளங்களை விற்கவுமே தடை போட்டார்கள்.

திருவண்ணாமலைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வில்லாவில் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழத்தில் குளம் என்றால் ஏறத்தாழ 45,000 லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் லாரி என்றால் கிட்டத்தட்ட நான்கு லோடு. கிராமப்புறக் குழாய்த் திட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது அரசின் அளவு. அந்தக் கணக்கில் நான்கு பேர் குடும்பம் ஒன்று 200 நாளுக்கு மேல் பயன்படுத்தும் தண்ணீர் இது. ஒருமுறை நிரப்பினால் முடிந்ததா என்றால் இல்லை. கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே 160 லிட்டர் போய்விடும். ஃபில்டரைக் கழுவுவதில் போவது தனி.

பகுதி முழுக்கக் கெட்டிப் பாறை. பாறை வெடிப்பில் இருக்கும் தண்ணீர்தான் போர்வெல்லில் வரும். பக்கத்து வீட்டில் நல்ல தண்ணீர் இருப்பதால் உங்கள் மனையிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. உங்கள் போர் ஆழமாகப் போனால் பக்கத்து விவசாயியின் கிணறு வற்றவும் வாய்ப்பு இருக்கிறது. ஊராட்சிப் பகுதிகளில் இதை வைத்துத்தான் வில்லாக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் முதல் சண்டை வரும்.

பிரசுரத்தில் இருக்கும் குளத்தின் படம் பெரும்பாலும் கார்த்திகை மழைக்குப் பிறகு, ஏரி நிறைந்திருக்கும் காலத்தில் எடுத்ததாக இருக்கும். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு முறை மே மாதத்தில் போங்கள். போர்வெல் எத்தனை அடி, மோட்டார் தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேளுங்கள். தெருவில் தண்ணீர் லாரி வந்து போன தடம் இருக்கிறதா என்று பாருங்கள். டீக்கடையில் விசாரித்தால், லாரி ஒரு லோடு என்ன விலை, வாரத்தில் எத்தனை முறை வருகிறது என்பது வரைக்கும் சொல்லிவிடுவார்கள்.